கொல்லைக்கு வர்ற விருந்தாளிங்க: வீட்ல உக்காந்தே பறவை பாக்க ஒரு முழு வழிகாட்டி

போன ஐப்பசில ஒரு நாள் காலைல, ராத்திரி பூரா மழை, கொல்லைக் கதவைத் தொறந்தா துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல ஒரு குருவி குத்த வச்சு உக்காந்திருக்கு. முதுகு பச்சை, றெக்கையில ஒரு துண்டு நீலம், வயிறு சந்தனக் கலர், வாலுக்கு அடியில குங்குமம் தடவுன மாதிரி சிவப்பு, கண்ணு மேல கறுப்புப் பட்டை, வாலுன்னு சொல்லிக்க ஒண்ணுமே இல்ல. யார் வீட்டுக் கூண்டுல இருந்தோ தப்பிச்சு வந்த வெளிநாட்டுக் குருவின்னே நெனச்சேன். கும்பகோணம் பக்கத்துல 12 வருஷமா இதே வீட்லதான் இருக்கோம், இப்படி ஒண்ணைப் பாத்ததே இல்ல.

அது ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன்னும் சொல்லுவாங்க. இமயமலை அடிவாரத்துலயும் நடு இந்தியாவுலயும் குஞ்சு பொரிச்சுட்டு, குளிர்காலத்துக்குத் தெக்க வர்ற பறவை. ராத்திரில பறந்து வரும், வந்து சேர்ற சமயத்துல களைச்சுப் போய் சுவர்லயும் ஜன்னல்லயும் மோதி இப்படி வீட்டுக்குள்ள விழுறது சகஜமாம். ஒரு அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு, உள்ள பழைய துண்டு விரிச்சு, இருட்டா சத்தமில்லாத இடத்துல வச்சோம், தண்ணி புகட்டல, சோறு ஊட்டல, ரெண்டு மணி நேரம் கழிச்சு வேலியோரம் பெட்டியைத் தொறந்தா விர்ருன்னு போய் வாழைச் சருகுக்குள்ள பூந்துடுச்சு. அதுக்கப்புறம் பங்குனி வரைக்கும் காலைல ஆறு மணி சுமாருக்கும் சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கும் ரெண்டு சீட்டி அடிக்கும். அந்த சீட்டியை நான் வருஷாவருஷம் கேட்டிருக்கேன், அதான் எரிச்சல், பக்கத்து வீட்டுப் பையன் விசிலடிக்கிறான்னு நெனச்சுட்டேன்.

அதுல இருந்து உருப்படியா பாக்க ஆரம்பிச்சேன். தப்பு பண்ணித் தெரிஞ்சுக்கிட்டதை எல்லாம் வரிசையா எழுதுறேன். எங்களோடது ஆறு சென்ட் மனை, வீடு போக பின்னாடி ஒரு முருங்கை, ரெண்டு தென்னை, வாழைக் கொத்து, கொய்யா, கறிவேப்பிலை, செம்பருத்தி. உங்களுக்கு மொட்டைமாடில நாலு தொட்டிதான் இருக்குன்னாலும் இதுல பாதிக்கு மேல ஒத்து வரும்.

1. முதல்ல ஒரு நாற்காலி

பைனாகுலர் வாங்கப் போகாதீங்க, ஆப் எறக்காதீங்க. ஒரு வாரம் ஒரே எடத்துல ஒரே நேரத்துல நாற்காலி போட்டு உக்காருங்க, அவ்வளவுதான். காலைல 6 மணில இருந்து 7 மணிக்குள்ள ஒரு 20 நிமிஷம். முதல் பத்து நிமிஷம் ஒண்ணும் நடக்காது, நீங்க வந்த சத்தத்துல எல்லாம் ஓடிப் போயிருக்கும், பெரும்பாலும் இந்த எடத்துலதான் நம்மாளுங்க சலிச்சுப் போய் போனை எடுக்கிறாங்க. அடுத்த பத்து நிமிஷத்துல உங்களைத் தூண் மாதிரி நெனச்சுக்கிட்டு அதது அதது வேலையைப் பாக்க ஆரம்பிக்கும். சுவரை ஒட்டி உக்காருங்க, முதுகுப் பக்கம் வெயில் இருக்கட்டும். நடுத் தோட்டத்துல உக்காந்தா எதுவும் கிட்ட வராது.

ரெண்டு மூணு நாள்ல ஒரு டைம்டேபிள் புரியும். எங்க வீட்ல விடியறதுக்கு முன்னாடியே குண்டுகரிச்சான், மாசி பங்குனில ஆன்டெனா கம்பி உச்சில நின்னு அது பாடுறதைக் கேக்கணும். அப்புறம் செம்போத்து "ஊப் ஊப் ஊப்"னு அடித்தொண்டைல. வெயில் ஏறினதும் செம்பருத்திக்கும் வாழைப்பூவுக்கும் தேன்சிட்டு. மத்தியானம் எல்லாம் அடங்கின நேரத்துல குக்குறுவான் மட்டும் பாத்திரக் கடையில தட்டுற மாதிரி "டொங்க் டொங்க்"னு நிறுத்தாம. நாலு மணிக்குத் தவிட்டுக் குருவிக் கூட்டம் குளிக்க வரும். இருட்டினதும் வௌவால்.

2. கண்ணுக்கு முன்னாடி காது

இந்த மொத்தக் கட்டுரையில ஒண்ணே ஒண்ணைத்தான் எடுத்துக்கணும்னா இதை எடுத்துக்கோங்க. தோட்டத்துல என்ன இருக்குங்கறதை உங்களுக்கு முன்னாடி அங்க இருக்கிற ஜீவனுங்க கண்டுபிடிச்சுக் கத்தும். அணில் சும்மா கத்துறது வேற, வாலைத் தூக்கித் தூக்கி ஒரே எடத்தைப் பாத்து விடாம "கீச் கீச் கீச்"னு கத்துறது வேற. ரெண்டாவது ரகம்னா கீழ பூனையோ பாம்போ இருக்கு. தவிட்டுக் குருவிங்க ஏழெட்டு சேந்து ஒரு புதரைச் சுத்தி வீட்ல சொத்துத் தகராறு மாதிரி சண்டை போட்டா அங்க போய்ப் பாருங்க.

ஒரு நாள் முருங்கைல இப்படிச் சத்தம், நான் பூனைன்னு நெனச்சுக் கம்போட போனேன், பாத்தா மரப்பொந்து வாசல்ல புள்ளி ஆந்தை, உருண்டைக் கண்ணை வச்சுக்கிட்டு என்னையும் குருவிங்களையும் மாறி மாறிப் பாக்குது. அந்தப் பொந்துல அது எவ்வளவு நாளா இருந்துச்சோ. காக்கா கூட்டமா மேல பாத்துக் கத்தினா வல்லூறு வட்டம் போடுதுன்னு அர்த்தம். திடீர்னு தோட்டமே கப்சிப்னு ஆனாலும் அதேதான்.

கரிச்சான், அதான் இரட்டைவால் குருவி, மட்டும் கொஞ்சம் எத்தன். வல்லூறு மாதிரியே கத்தி மத்த குருவிங்களை மெரட்டும். சத்தம் வச்சு பேர் சொல்ற மெர்லின் ஆப்பும் சில சமயம் இப்படி ஏமாந்துடும், அதனால ஆப் ஒரு பேர் சொன்னா கண்ணால பாக்கிற வரைக்கும் அதை வதந்தின்னு வச்சுக்கோங்க.

3. பத்துப் பறவையை உருப்படியா

நூறு பேர் மனப்பாடம் பண்ண வேணாம். சிட்டுக்குருவி, மைனா, காக்கா இந்த மூணு சைஸும் மனசுல இருந்தா அதுதான் அளவுகோல், "மைனாவை விடச் சின்னது, சிட்டுக்குருவியை விடப் பெருசு"ன்னு சொல்லத் தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சது. அப்புறம் அலகைப் பாருங்க (கொட்டை உடைக்கிற தடி அலகா, தேன் உறிஞ்சுற ஊசி அலகா), வாலைப் பாருங்க, தரையில எப்படிப் போகுதுன்னு பாருங்க, மைனா நடக்கும், சிட்டுக்குருவி தத்தும். கலரைக் கடைசியா பாருங்க. ஏன்னா நிழல்ல எல்லாமே கறுப்புதான்.

எல்லாரும் குழம்புற எடம் சிலது இருக்கு. காக்கால ரெண்டு, கழுத்து சாம்பலா இருந்தா வீட்டுக் காக்கா, முழுக் கறுப்பா தடிச்ச அலகோட இருந்தா அண்டங்காக்கை. குயில்ல ஆண் பளபளன்னு கறுப்பு, கண்ணு ரத்தச் சிவப்பு. பொண்ணு பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியும் கோடும், நிறைய பேர் அதைப் பருந்துக் குஞ்சுன்னு போட்டோ அனுப்புறாங்க. அந்த "குக்கூ" பாடுறது ஆண்தான், பொண்ணு "கிக் கிக் கிக்"னு கத்திட்டுப் போயிடும், நம்ம ஊர்ல நல்லாப் பாடுற பொண்ணுங்களைத்தான் குயில்னு சொல்றோம், அது தலைகீழ். செம்போத்தும் உடம்பு கறுப்புதான், ஆனா றெக்கை செங்கல் கலர், தரையில தத்தித் தத்தி நடந்து ஓணான் நத்தைன்னு பொறுக்கும்.

தேன்சிட்டுல மூணு ரகம் வரும், இதுல நான் ஒரு வருஷம் முழிச்சிருக்கேன். வயிறு மஞ்சளா, நெஞ்சு அரக்கா, தலையில பச்சை மினுமினுப்பா இருந்தா ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு ஆண், வீட்டுப் பக்கம் அதிகம் வர்றது இதான். முழுசா கருநீலமா மின்னினா ஊதாத் தேன்சிட்டு ஆண், ஆனா அது இனப்பெருக்க காலத்துலதான் அப்படி, மத்த மாசத்துல அந்தச் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வயித்துல மஞ்சள் மேல நடுவுல ஒரு கறுப்புக் கோட்டோட சுத்தும், வேற பறவைன்னே நெனப்போம். அதே மாதிரி கருப்பா ஆனா அலகு ரொம்ப நீளமா வளைஞ்சு இருந்தா லோட்டன் தேன்சிட்டு. பொண்ணுங்கள்ல தொண்டை வெளுப்பா வயிறு மஞ்சளா இருந்தா ஊதாப்பிட்டு, தொண்டைல இருந்தே மஞ்சள்னா ஊதாத் தேன்சிட்டு.

மத்தபடி சின்னான், தையல்சிட்டு, புள்ளிப்புறா, வெண்மார்பு மீன்கொத்தி (குளமே இல்லாத வீட்டுக்கும் வரும், அது மீனை விடப் பூச்சியும் பல்லியும்தான் அதிகம் தின்னும்), வால்காக்கை. இவ்வளவு தெரிஞ்சா புதுசா ஒண்ணு வந்தா அதுவே தனியாத் தெரியும்.

4. பைனாகுலர்

ஒரு மாசம் உக்காந்த பிறகும் ஆசை இருந்தா வாங்குங்க. 8x42ன்னு போட்டிருக்கும் பாருங்க, 8 மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸ் 42 மில்லிமீட்டர் அகலம். கடைக்காரர் 10, 20ன்னு ஆசை காட்டுவார், வேணாம், பெருசாக்கப் பெருசாக்கக் கை நடுக்கமும் பெருசாகும், தெரியிற எடமும் குறுகிப் போகும். வீட்டுத் தோட்டத்துக்கு முக்கியமான இன்னொண்ணு, எவ்வளவு கிட்ட இருக்கிற பொருளை ஃபோகஸ் பண்ணும்னு கேளுங்க. 2 மீட்டர்ல தெளிவாத் தெரியணும், இல்லேன்னா செம்பருத்தில உக்காந்த பட்டாம்பூச்சியை ரெண்டடி பின்னாடி போய்ப் பாக்க வேண்டி வரும்.

வாங்கினதும் இதைச் செய்யுங்க, நிறைய பேர் வருஷக்கணக்கா செய்யாமலே "எனக்கு ஒத்து வரல"ங்கறாங்க. கண்ணாடி போட்டவங்க கண் வைக்கிற ரப்பரை உள்ள மடிச்சிடுங்க, போடாதவங்க வெளிய இழுத்து விடுங்க. ரெண்டு குழாயையும் மடக்கி விரிச்சு ரெண்டு வட்டம் ஒரே வட்டமாத் தெரியிற மாதிரி வைங்க. வலது கண்ணை மூடிட்டு, தூரத்துல ஒரு போர்டைப் பாத்து நடு சக்கரத்தைத் திருப்பித் தெளிவாக்குங்க. இப்ப இடது கண்ணை மூடிட்டு, நடு சக்கரத்தைத் தொடாம, வலது கண் பக்கம் இருக்கிற வளையத்தை மட்டும் திருப்பி அதே போர்டைத் தெளிவாக்குங்க. வளையத்துல அந்த எடத்துல ஒரு பேனா புள்ளி வச்சுக்கோங்க. இனி ஆயுசுக்கும் நடு சக்கரம் மட்டும்தான்.

பறவையைப் பாக்கிறப்ப பார்வையை எடுக்காம பைனாகுலரைத் தூக்கிக் கண்ணுக்குக் கொண்டு வாங்க. குனிஞ்சு பைனாகுலரைப் பாத்துட்டு நிமிந்தீங்கன்னா பறவை போயிருக்கும். சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, பசங்க கையில குடுத்தா இதை முதல்ல சொல்லுங்க.

5. சோறு வேணாம், தண்ணி வைங்க

காக்காவுக்குச் சோறு வைக்கிறது நம்ம வழக்கம், அதை நிறுத்தச் சொல்லல. ஆனா பறவை நிறைய வரணும்னு தட்டுத் தட்டா மிக்சரும் பிஸ்கட்டும் போட்டா வர்றது காக்கா, மாடப்புறா, எலி. எலி வந்தா அது பின்னாடியே யாரு வருவாங்கன்னு தெரியும்ல. எங்க வீட்ல ஒரு கோடைல கம்பு தூவி வச்சேன், சில்லைக் குருவி வரும்னு, வந்தது இருபது புறா, மாடி பூரா எச்சம், எங்க அம்மா பேசின பேச்சை இங்க எழுத முடியாது.

தண்ணி அப்படி இல்ல. பூந்தொட்டிக்கு அடியில வைக்கிற மண் தட்டு போதும், ஓரத்துல அரை இன்ச், நடுவுல ரெண்டு இன்ச் ஆழம், அதுக்கு மேல வேணாம். பிளாஸ்டிக்னா வழுக்கும், உள்ள ஒரு சொரசொரப்பான கல்லை வச்சிடுங்க, குருவி அதுல நின்னு குடிக்கும், தேனீயும் முழுகாது. நிழல்ல வைங்க. எந்த எடம்ங்கறதுதான் விஷயம்: செடிக்கு ஒட்டி வச்சா பூனை ஒளிஞ்சிருந்து அடிக்கும், ஒரேடியா வெட்டவெளில வச்சா குருவி பயப்படும், அதனால செடில இருந்து ஆறேழு அடி தள்ளி, இடுப்பு உயரத்துல ஒரு கல்லு மேல. தினமும் தண்ணியைக் கொட்டிட்டு மாத்துங்க, தேங்கா நாரை வச்சுத் தேய்ங்க, சோப்பு வேணாம். கொசு முட்டை போட்டுக் கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் போல ஆகும், தினம் மாத்துற தட்டுல அதுக்கு வாய்ப்பே இல்ல, டெங்குன்னு பக்கத்து வீட்ல சொன்னா இதைச் சொல்லுங்க.

முதல் நாலஞ்சு நாள் காக்கா மட்டும் வந்து காஞ்ச ரொட்டியை ஊறப்போட்டுத் தண்ணியைக் கெடுக்கும். பொறுங்க. எங்க தட்டுக்கு ஆறாவது நாள் சின்னான், அப்புறம் தவிட்டுக் குருவி, சித்திரை வெயில்ல ஒரு மத்தியானம் வல்லூறே வந்து நின்னு குளிச்சுட்டுப் போச்சு, சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல.

கண்ணாடி ஜன்னல்ல குருவி வந்து மோதுற வீடா இருந்தா வெளிப்பக்கம் ரெண்டு இன்ச்சுக்கு ஒண்ணா ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்க. நடுவுல ஒரே ஒரு பருந்துப் படம் ஒட்டுறது பிரயோஜனமில்ல. பைக் கண்ணாடியைக் குருவி கொத்திக்கிட்டே இருந்தா அதுக்குக் கிறுக்குப் பிடிக்கல, உள்ள தெரியிற தன் உருவத்தை எதிரின்னு நெனச்சு சண்டை போடுது, துணி போட்டு மூடிட்டா போதும்.

6. தோட்டத்தைக் கொஞ்சம் அழுக்கா விடுங்க

சுத்தமா சிமெண்ட் போட்டு, ஓரத்துல புல்தரை போட்டு, தொட்டில குரோட்டன்ஸ் வச்ச வீட்டுக்கு எதுவும் வராது, ஏன்னா திங்க ஒண்ணும் இல்ல. பறவைன்னா புழு பூச்சி. தேன் குடிக்கிற தேன்சிட்டு கூட குஞ்சுக்குப் பூச்சியும் சிலந்தியும்தான் ஊட்டும். அதனால,

வேலியோரம் ஒரு மூலையில சருகைக் கூட்டாம விடுங்க. ஆறுமணிக் குருவி அந்தச் சருகைப் புரட்டித்தான் சாப்பிடும், தவிட்டுக் குருவியும் அப்படியே, அரணையும் தேரையும் அங்கதான் குடியிருக்கும். முருங்கைல பட்டுப்போன கிளை யார் தலையிலயும் விழாதுன்னா வெட்டாதீங்க, குக்குறுவான் அந்த மெத்து மரத்துல வட்டமா ஓட்டை போட்டுக் கூடு வைக்கும். ஒட்டடைக் குச்சியை எல்லா மூலைக்கும் கொண்டு போகாதீங்க, தேன்சிட்டு கூடு கட்டுறதே சிலந்தி வலையை நூலா வச்சுத்தான், தையல்சிட்டும் பெரிய இலையோட ரெண்டு ஓரத்தைச் சிலந்தி நூலும் பஞ்சும் வச்சுத் தைச்சுதான் உள்ள கூடு வைக்குது. எலி மருந்து வைக்காதீங்க, மருந்து தின்னு தள்ளாடுற எலியை ஆந்தையோ கீரியோ புடிச்சுத் தின்னா அதுவும் சேந்து போகும்.

என்ன வைக்கலாம்னா செம்பருத்தி, இட்லிப்பூ, வாழை, கொய்யா, மாதுளை, சீத்தா. பெருசா எடம் இருந்தா ஒரு அத்தி, அது ஒண்ணு போதும் ஊர்ப் பறவை பூரா வரும். பட்டாம்பூச்சிக்குப் பூச்செடி மட்டும் வச்சா அது ஹோட்டல்தான், வீடு இல்ல, முட்டை போட அதுக்குன்னு செடி வேணும். எலுமிச்சை, கறிவேப்பிலையில பறவை எச்சம் மாதிரியே கறுப்பு வெள்ளையா ஒரு புழு இருந்தா நசுக்காதீங்க, பெருசானா பச்சையாகும், தொட்டா தலைக்குப் பின்னாடி செவப்பா கொம்பு மாதிரி நீட்டிக் கெட்ட வாடை விடும், அதான் அழகழகா கறுப்புல வெள்ளை மஞ்சள் போட்டுப் பறக்குற பட்டாம்பூச்சி. எருக்கஞ்செடிக்கு வெந்தய வரியன் வரும். அரளி இலைக்கடியில கம்மல் மாதிரி வெள்ளியா மின்னுற கூட்டுப்புழு தொங்கினா யாரையாச்சும் கூப்பிட்டுக் காட்டுங்க, நகைக்கடையில கூட அப்படி பாலிஷ் கிடையாது. கறிவேப்பிலை மொட்டையாகுதேன்னு கவலை வேணாம், துளிர்த்துடும், எங்க வீட்ல ஒரு கொத்து எங்களுக்கு ஒரு கொத்து அதுக்குன்னு ஒப்பந்தம்.

சிட்டுக்குருவிக்குப் பொட்டி மாட்டுறதா இருந்தா ஓட்டை ஒண்ணேகால் இன்ச், அதுக்கு மேல போனா மைனா புடிச்சுக்கும். வெயில் நேரா படாத, பூனை ஏற முடியாத சுவர்ல பத்தடி உயரம். வாசல்ல குச்சி வைக்காதீங்க, குருவிக்கு அது தேவையில்ல, காக்காவுக்குத்தான் வசதி. செல்போன் டவரால சிட்டுக்குருவி அழிஞ்சு போச்சுன்னு ஒரு பேச்சு ஊர் பூரா இருக்கு, 2020ல வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைல நாடு முழுக்கப் பாத்தா எண்ணிக்கை நிலையாத்தான் இருக்கு, பெரிய நகரங்கள்லதான் குறைஞ்சிருக்கு, டவர்தான் காரணம்ங்கறதுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்லியிருக்காங்க. ஓட்டு வீடும் பொந்தும் போனது, குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லாதது, இதைப் பத்தி யாரும் பேசறதில்ல.

7. இருட்டினதுக்கப்புறம்

ஏழரை மணிக்கு மேல டார்ச்சோட ஒரு சுத்து. டார்ச் முகப்புல சிவப்பு ஜிகினாத்தாள் கட்டிக்கோங்க, வெள்ளை வெளிச்சத்துக்குப் பயந்து ஓடுறதெல்லாம் இதுக்கு ஓரளவு நிக்கும். கால்ல செருப்பு போடாம போகாதீங்க, மூடுன ஷூன்னா இன்னும் நல்லது. விளக்கைத் தரையோட படுக்க வச்சு அடிச்சா புல்லுல குட்டிக் குட்டியா மின்னும், பனித்துளின்னு நெனப்பீங்க, கிட்ட போனா சிலந்திக் கண்ணு.

வாழையில சின்னதா பழந்தின்னி வௌவால் வந்து பூவுல தேன் குடிக்கும். அது கடிச்சுப் போட்ட கொய்யாவைக் கழுவியும் சாப்பிட வேணாம், மரத்துக்கடியிலயே விட்ருங்க. ஓட்டு மேல ராத்திரி யாரோ நடக்குற மாதிரி சத்தம் கேட்டா திருடனை விட மரநாயா இருக்கத்தான் வாய்ப்பு. காலைல சுவர் மேல விதை விதையா எச்சம் கிடந்தா உறுதி.

ஓணான், அரணை பத்தி ஒரு வார்த்தை. ஓணான் தலை கழுத்தெல்லாம் செவந்தா அது ரத்தம் உறிஞ்சல, நாங்க சின்னப் பசங்களா இருந்தப்ப தொப்புளை மூடிட்டு ஓடுவோம், அது ஆண் ஓணான், ஜோடி சேர்ற சீசன். "அரணை கடிச்சா மரணம்"கறதும் பொய், அதுக்கு விஷமே இல்ல.

8. பாம்பு

இதை ஒதுக்க முடியாது. தவளையும் எலியும் இருக்கிற தோட்டத்துக்குப் பாம்பு வரும். நம்ம பக்கம் அதிகம் வர்றது சாரை, நீளமா வேகமா ஓடும், விஷமில்ல, எலியைத்தான் தேடுது. ஆனா நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலும் நம்ம ஊர்ல உண்டு, கட்டுவிரியன் மாதிரியே பட்டை போட்ட விஷமில்லாத பாம்பும் உண்டு, அதனால பத்தடி தள்ளி நின்னு பாக்கிறதோட சரி, போட்டோவுக்காகக் கிட்டப் போறது, வாலைப் புடிக்கிறது எல்லாம் வேணாம். வீட்டுக்குள்ள வந்துட்டா ஒருத்தர் தூரத்துல நின்னு அது எங்க போகுதுன்னு கண்ணை எடுக்காம பாருங்க, இன்னொருத்தர் 101க்குப் போன் பண்ணுங்க, தீயணைப்புத் துறை வந்து புடிச்சுட்டுப் போவாங்க.

கடிச்சிட்டா 108. கடிச்ச கையையோ காலையோ அசைக்காம நேரா ஆஸ்பத்திரி. கயிறு கட்டுறது, கீறுறது, வாயில உறிஞ்சுறது, மந்திரிக்கிறது எதுவும் கூடாது. கட்டுவிரியன் ராத்திரில கடிச்சா வலியே இல்லாமலும் இருக்கும், வலிக்கலையேன்னு படுத்துடாதீங்க.

9. கூடும் குஞ்சும்

கூடு பாத்துட்டா ஆர்வத்துல தினமும் போய் எலையை வெலக்கிப் பாப்போம், அங்கதான் கெடும். நீங்க போற வழியைக் காக்கா மேல இருந்து பாத்துக்கிட்டே இருக்கும். எங்க வீட்டுத் தையல்சிட்டுக் கூட்டை நானே இப்படிக் காட்டிக் குடுத்திருக்கேன், போட்டோ எடுக்க ஒரு இலையை விலக்கிக் கட்டினேன், மறுநாள் காலி. இப்பல்லாம் ஜன்னல்ல இருந்து பைனாகுலர்லதான். போன்ல சத்தம் போட்டுக் குருவியை வரவழைக்கிறதும் வேணாம், எதிரி வந்துட்டான்னு அது வேலையெல்லாம் விட்டுட்டுத் தேடி அலையும்.

தரையில குஞ்சு கிடந்தா உடனே தூக்கிட்டு வராதீங்க. இறகு முளைச்சுத் தத்துற குஞ்சுன்னா அது பறக்கப் பழகுது, தாய் பக்கத்துலதான் இருக்கும், பூனை வராம பாத்துக்கிட்டா போதும், வேணும்னா பக்கத்துக் கிளையில தூக்கி வைங்க. இறகே இல்லாத பிஞ்சுன்னா கூட்டுலயே திருப்பி வைங்க. மனுஷன் தொட்டா தாய் சேத்துக்காதுன்னு சொல்றது உண்மையில்ல. காக்கா ஒண்ணு தன்னை மாதிரி இல்லாத ஒரு குஞ்சுக்கு ஊட்டிக்கிட்டிருந்தா அது குயில் குஞ்சு, அதுல நமக்கு வேலையில்ல.

அழகா இருக்கேன்னு எதையும் கூண்டுல போட்டுடாதீங்க, பச்சைக்கிளி, மைனா, சில்லைன்னு நம்ம ஊர்க் காட்டுப் பறவையைப் புடிச்சு வளக்குறது 1972ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், கிளி ஜோசியக்காரர் கூண்டும் சேத்துத்தான்.

10. எழுதி வைங்க

40 பக்க நோட்டு ஒண்ணு. தேதி, நேரம், எத்தனை நிமிஷம், வெயிலா மேகமா, என்ன பாத்தீங்க, எத்தனை, என்ன பண்ணிட்டிருந்துச்சு. பேர் தெரியலேன்னா படம் வரைங்க, கோணலா இருந்தாலும் போட்டோவை விட உபயோகம், ஏன்னா வரையறதுக்கு உத்துப் பாக்கணும்.

ஆறு மாசம் எழுதினா அதை ஈபேர்ட்ல போடலாம், பாத்த பறவையை எல்லாரும் பதிவு பண்ற இணையதளம் அது. அமெரிக்காவுல கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, போன்லயே போடலாம். ஒரே எடத்துல உக்காந்து பாத்தேன்னு தேர்ந்தெடுத்து, பாத்த எல்லா இனத்தையும் போடணும், காக்கா உள்பட. "காக்காவைப் போய் எதுக்கு"ன்னு விடுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு, பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் உங்க தெருவுல காக்கா குறைஞ்சுதான்னு பாக்கணும்னா நீங்க எழுதின எண்ணிக்கைதான் இருக்கும். எண்ண முடியலேன்னா எண்ணுக்குப் பதிலா எக்ஸ் போடலாம். பொங்கல் லீவுல தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், பிப்ரவரில நாலு நாள் உலகம் பூரா வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு, 1998ல ஆரம்பிச்சது, இந்தியா 2013ல இருந்து அதுல இருக்கு. குறைஞ்சது 15 நிமிஷம் பாத்தா போதும், நாற்காலியை விட்டு எழுந்திரிக்கவே வேணாம்.

என் நோட்டுல இன்னைக்குக் காலைல எழுதினது அப்படியே: "6.10 டு 6.35. மேகம். காக்கா 9, தவிட்டுக் குருவி 7, சின்னான் 2, செம்போத்து சத்தம் மட்டும். ஊதாப்பிட்டு பொண்ணு வாழையோரம் ஒட்டடை எடுத்துட்டுப் போகுது, மூணு தடவை, எங்கன்னு தெரியல, துணிக் கொடிப் பக்கம் போகுது. கொடில இருக்கிற கிளிப்பை எடுக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லணும். கொய்யாவுக்குள்ள 'டக் டக்'னு ஒரு சத்தம், பாக்க முடியல. நாளைக்கு."